வண்டல் போட்ட புல்தரை

என் மகளுக்கு ஒன்பது மாதம் நடக்கும்போது அரை ஏக்கர் புல்தரை ஒன்றை நான் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தேன். அப்படி நினைத்துச் செய்த காரியங்களைப் பற்றித்தான் எனக்கு இன்றைக்கும் அதிகம் கவலை வருகிறது.

அப்போது நாங்கள் மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தின் காம்பவுண்டுக்குள் குடியிருந்தோம். என் கணவர் கொஞ்சம் தள்ளியிருந்த ஆண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் இந்தப் பெண்கள் பள்ளியிலேயே படித்து, டீச்சர் பயிற்சியும் முடித்து, இரண்டு வருஷம் இங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்தவள். குழந்தை உண்டானதும் வேலையை விட்டேன். விட்ட மறுநாளே ஏன் விட்டோம் என்று தோன்றியது. குழந்தை பிறந்த பிறகு, வேலைக்குத் திரும்ப நினைப்பது தப்போ என்றும் தோன்றியது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தே அந்த வருஷத்தைக் கழித்திருந்தேன்.

பள்ளிக்குத் தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மாள். காம்பவுண்டில் எல்லோரும் மிஸ்ஸியம்மா என்போம். அந்த வருஷம் சின்னக் குழந்தைகள் வகுப்பை எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் கல்யாணமாகிப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும், இருக்கிற தைரியத்தை எல்லாம் சேர்த்துக்கொண்டு மிஸ்ஸியம்மாவிடம் போய் அந்த வேலையைக் கேட்டேன். அவர் ஒரு பண்டிதரிடம் தமிழ் படித்தவர். எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார்.

"உமக்கே ஒரு கைக்குழந்தை இருக்கிறது. நாற்பது குழந்தைகளை எவ்வாறு கவனிப்பீர்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான் கொடைக்கானல் சென்று திரும்பியபின் முடிவு கூறுகிறேன். அதுவரை என் புல்தரையைப் பார்த்துக்கொள்ளும்" என்றார்.

அது சோதனையா, வெறும் வேலையா என்று எனக்குத் தெரியவில்லை. சோதனை என்றே வைத்துக்கொண்டேன்.

அந்தப் புல்தரை மிஸ்ஸியம்மாவின் பங்களாவுக்கு முன்னால் இருந்தது. காம்பவுண்டில் மற்ற இடமெல்லாம் சரளையும் நெருஞ்சி முள்ளும். சின்னக் குழந்தைகள் ஓடி விளையாட அது ஒன்றுதான் இடம். பரிசளிப்பு விழா, கிறிஸ்துமஸ் நாடகம் எல்லாம் அதன் மேல்தான் நடக்கும். மிஸ்ஸியம்மா ஒரு காகிதத்தில் எழுதியே கொடுத்திருந்தார்: ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், வாரம் ஒருமுறை வெட்டு, மாதம் ஒருமுறை கல் உருளை. அவ்வளவுதான். அதில் வேறு ஒன்றும் எழுதவில்லை. வேறு ஒன்றும் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் எழுதவில்லை என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

தோட்டக்காரர் ஒத்தக்கடைப் பக்கத்து ஆள். நாற்பது வயதிருக்கும். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவருக்கு அந்தப் புல்லின் மேல் பெரிய மரியாதை கிடையாது. "ஆடும் திங்கக் கூடாது, மாடும் திங்கக் கூடாது. இம்புட்டுத் தண்ணிய எறைச்சு யாருக்கு வளக்குறோம் டீச்சரம்மா?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே ஒழுங்காகத் தண்ணீரும் விடுவார்.

மிஸ்ஸியம்மா மலைக்குப் போன பத்தாம் நாள் என் கணவரின் அண்ணன் வந்தார். அவர் விளாங்குடியில் விவசாயம் பார்ப்பவர். நான் மாமா என்று அழைப்பேன். கோடையில் கண்மாய் வற்றியதும் அடியில் இருக்கும் வண்டல் மண்ணை வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது. அதைவிட நல்ல எரு இல்லை என்பார்கள். மாமா கிணற்றடியில் கை கழுவிவிட்டு அந்தப் புல்தரையைப் பார்த்தார். சில இடங்களில் புல் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"ஏந்தாயி, இந்தப் பொறுப்பு ஒங்கிட்டயா இருக்கு? சவலப் பிள்ளை மாதிரியில்ல கெடக்கு" என்றார்.

மறுநாள் விடிந்து வாசலுக்கு வந்தால் ஆறு வண்டி வண்டல் நிற்கிறது. கறுப்பாக, குளிர்ச்சியாக, பார்க்கவே ஆசையாக இருந்தது. கணவரின் அண்ணன் தன் வயலுக்கு வெட்டியதைத் தம்பி பெண்டாட்டிக்காகக் கொண்டுவந்திருக்கிறார். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் இல்லாமல், எனக்கே அது நல்லது என்றுதான் தோன்றியது. தோட்டக்காரரைக் கேட்டேன். "வயலுக்குப் போடுறதுதானே. புல்லு வேணாம்னா சொல்லப் போவுது?" என்றார்.

பரப்பினோம். தண்ணீர் விட்டோம். மேடு பள்ளமாக இருக்கிறதே, மிஸ்ஸியம்மாவுக்குச் சமமாக இருந்தால்தானே பிடிக்கும் என்று, ஈரத்தோடு கல் உருளையை நாலு தடவை உருட்டச் சொன்னது நான். மாமா சொல்லவில்லை, தோட்டக்காரர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

ஒரு வாரத்தில் அது தரையாகிவிட்டது. நிஜமாகவே தரை. சாணி மெழுகிக் கோலம் போடலாம். விட்ட தண்ணீர் உள்ளே இறங்காமல் அப்படியே வழிந்து வாசல் வழியாக ரோட்டுக்குப் போயிற்று. ரோட்டில் போகிறவர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களை முறைத்தார்கள். கீழே இருந்த புல் மூச்சுமுட்டி மஞ்சளாக ஆரம்பித்தது. தொட்டிலில் குழந்தை மூச்சு விடுகிறதா என்று நாளைக்குப் பத்துத் தடவை மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறவள் நான். இப்போது புல்லுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

மிஸ்ஸியம்மாவுக்கு எழுதிச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதினேன், கிழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி கிழித்தேன். மூன்றாம் தடவை என் கணவர் நோட்டுத் திருத்துவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"போடுறதுன்னா போடு. போடாட்டி போடாத. ரெண்டுக்கும் நடுவுல தபால் பெட்டி கெடையாது."

கடைசியில் ஒரு கடிதம் போட்டேன். எல்லோரும் சுகம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, வேப்ப மரம் பூத்திருக்கிறது என்று எழுதினேன். புல்தரையைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. பொய் எழுதவில்லையே என்று சமாதானம் செய்துகொண்டேன். அந்தச் சமாதானம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

என் கணவர் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் மாமா ஒரு ஜோடி மாடும் தோளில் ஏருமாகக் காம்பவுண்டுக்குள் நுழைந்தார். நான் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள், கிண்ணத்தோடு ஓடினேன். அவர் புல்தரையின் ஓரத்தில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு சால் ஓட்டுனாப் போதும் தாயி. பொலபொலன்னு ஆயிரும்."

"மாமா, இதுல ஏர் ஓட்டக் கூடாது மாமா. புல்லே போயிரும்."

"ஓட்டாத நெலத்துக்கு என்னத்துக்குத்தா வண்டலு? வண்டல் அடிச்சா உழுகணும். இது தெரியாதா?"

நான் கேட்கவில்லையே, நீங்கள்தானே கொண்டுவந்தீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஆனால் அவர் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே புரிந்தது. வயலில் வண்டலைப் போட்டால் அடுத்து உழுது மண்ணோடு கலக்கிறார்கள். நான் உழ முடியாத இடத்தில் போட்டு, உழுவதற்கு நேர் எதிராக உருளையை ஓட்டியிருக்கிறேன். இடுப்பில் குழந்தையும் கையில் கஞ்சிக் கிண்ணமுமாக ஏருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். குழந்தை மாட்டைப் பார்த்துக் கை தட்டியது.

"அம்புட்டு நல்ல மண்ண வீணாக்கிட்டியே" என்று சொல்லிவிட்டு மாமா ஏரைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குள் மாடுகள் ஓரத்தில் பச்சையாக மிச்சமிருந்த புல்லைத் தின்று தீர்த்திருந்தன.

உழாமல் உழ வேண்டும். அன்றிலிருந்து இதே யோசனைதான் எனக்கு. தோட்டக்காரர் முதலில் கடப்பாரையைக் கொண்டுவந்து குத்தினார். ஒரு காலை முழுக்கக் குத்தியதில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் முடிந்தது. நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்த வருஷம் மிஸ்ஸியம்மா கொடைக்கானலுக்குப் போகிற நேரத்துக்குத்தான் முடியும் போலிருந்தது.

அதற்குப் பிறகு வந்த யோசனை என்னுடையது. வீட்டில் ஒரு ஜோடி பழைய மரக்கட்டைச் செருப்பு இருந்தது. அதன் அடியில் நீள ஆணிகளை அடித்து, போட்டுக்கொண்டு நடந்தால் நடந்த இடமெல்லாம் துளை விழுமே! தோட்டக்காரர் போட்டுக்கொண்டார். முதல் அடி வைத்தார். நன்றாக இறங்கியது. இரண்டாவது அடிக்குக் காலைத் தூக்கினார். கால் மட்டும் வந்தது.

"டீச்சரம்மா, செருப்பு வரமாட்டேங்குது. நான் மட்டும் வாரேன்."

இரண்டு செருப்பையும் கடப்பாரையால் நெம்பி எடுத்தோம். அந்த ஆணித் துளைகளையும் கடப்பாரைத் துளைகளையும் மறுநாள் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் மூடிக்கொண்டிருந்தன. மூடாத துளையில் தண்ணீர் ஊற்றினேன். கிண்ணத்தில் நிற்பது போல அப்படியே நின்றது. விரலை விட்டுப் பார்த்தேன். உள்சுவர் வழவழவென்று இறுகியிருந்தது. ஆணி மண்ணை எங்கேயும் கொண்டுபோகவில்லை. பக்கத்திலே தள்ளி இன்னும் கெட்டியாக்கியிருக்கிறது.

இப்படி இருக்கும்போது கீழமாசி வீதியிலிருந்து அரிசி வியாபாரி வந்தார். ஜூனில் பள்ளி திறக்கும் முன்பு போர்டிங் பிள்ளைகளுக்கு மூட்டை மூட்டையாக அரிசி வாங்கிப் போடுவது வழக்கம். போர்டிங் மேட்ரன் லீவில் ஊருக்குப் போயிருந்ததால் தரம் பார்க்கும் வேலையும் என்னிடம் வந்திருந்தது. வியாபாரி இடுப்பிலிருந்து குத்தூசியை எடுத்தார். ஒரு முழத்துக்கும் குறைவான இரும்புக் குழாய், முனை கூராக இருக்கும். மூட்டையைப் பிரிக்காமல் அதைச் சாக்கில் குத்தினால் உள்ளே இருக்கிற அரிசி குழாய் வழியாகக் கைக்கு வந்துவிடும். சின்ன வயசிலிருந்து எத்தனையோ தடவை பார்த்ததுதான்.

அவர் குத்தினார். என் உள்ளங்கையில் அரிசி விழுந்தது. நான் அரிசியைப் பார்க்கவில்லை, குத்தூசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழைய அரிசிம்மா. மோந்து பாருங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அடுத்த மூட்டையில் குத்தினார். அதற்கும் நான் பேசவில்லை. மூன்றாவது மூட்டையில் குத்தினார். அவர் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா, வாயே தொறக்க மாட்டேங்குறீங்க? கல்லு கெடக்கா? வேற மூட்டை வேணும்னாலும் எறக்குறேன்."

"அரிசி நல்லாத்தான் இருக்கு. இந்த ஊசியைக் கொஞ்சம் தர்றீங்களா?"

அவர் கொடுப்பதற்குள் நான் வாங்கிக்கொண்டு புல்தரைக்குப் போய்விட்டேன். முந்தின நாள் தண்ணீர் விட்டு ஓரளவு ஈரமாக இருந்த இடத்தில் குத்தித் திருகி எடுத்தேன். குழாய்க்குள் மண் வந்திருந்தது. தரையில் ஒரு துளை. அந்த மண் பக்கத்தில் இறுகவில்லை. வெளியே வந்துவிட்டது. என் பின்னாலேயே வந்த வியாபாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, அந்த மண்ண எந்தக் கடையில விக்கப் போறீங்க? சாக்குல போட்டுக் குடுங்க, நான் தரம் பாத்துச் சொல்றேன்."

தோட்டக்காரர் சிரித்த சிரிப்பில் தூளியில் தூங்கிய குழந்தை எழுந்துவிட்டது. அப்படியும் வியாபாரி நல்லவர். தன்னிடம் இருந்த வளைந்துபோன பழைய குத்தூசி ஒன்றை மறுநாள் ஆள்மூலம் கொடுத்தனுப்பினார்.

ஒரு ஊசியை வைத்து அரை ஏக்கரைக் குத்த முடியாது. ஒரே பலகையில் ஏழெட்டு ஊசி வேண்டும். இரும்புப் பட்டறை ஆசாரியிடம் பழைய ஊசியைக் காட்டிக் கேட்டேன். கூர்முனை வேண்டாம், வாயைச் சாய்வாகச் சீவிவிட்டால் மண்ணை வெட்டிக்கொண்டு இறங்கும், மேல்பக்கமும் திறந்திருந்தால் அடுத்த குத்தில் வருகிற மண் முதலில் வந்த மண்ணை மேலே தள்ளிவிடும் என்று அவரே சொன்னார். "குழாய்க்கு எங்கம்மா போறது?" என்றும் கேட்டார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் என் கணவரின் பழைய சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடந்தது. சக்கரம் இல்லை, செயின் இல்லை. இரண்டு வருஷமாக, அடுத்த லீவில் சரிசெய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பரீட்சைத் தாள் திருத்தத் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். கேட்டுவிட்டுக் கொடுப்பதுதான் முறை. தபால் போய்த் திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்று யோசித்தேன். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டு, தோட்டக்காரர் தலையில் சைக்கிளை ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிட்டேன். போன பிறகு வாசலில் நின்று, கூப்பிடலாமா வேண்டாமா என்று தெருக்கோடிவரை பார்த்தேன். அதற்குள் அவர் தெருமுனை திரும்பிப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் பட்டறையிலிருந்து கருவி வந்தது. ஒரு பழைய பெஞ்சுப் பலகை. அதில் எட்டுத் துளை போட்டு ஒரு சாண் குழாய்கள் எட்டு, பலகைக்கு அடியில் நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தன. தூக்குவதற்குக் கைப்பிடி வேண்டுமே என்று ஆசாரி சைக்கிளின் ஹேண்டில்பாரையே பலகையின் மேல் நிறுத்தி முடுக்கியிருந்தார். அதில் மணிகூட அப்படியே இருந்தது.

பதம் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. நனைந்த அன்றே குத்தினால் மண் குழாயில் அப்பிக்கொண்டு வெளியே வராது. காய்ந்துவிட்டால் குழாயே இறங்காது. முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டு மறுநாள் காலை பார்த்தால் கொழுக்கட்டை மாவு பதத்தில் இருக்கும். அப்போது பலகையின் மேல் ஏறி நின்றால் நறுக்கென்று இறங்கும். இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தூக்கி, ஒரு சாண் தள்ளி வைத்து, மறுபடி ஏற வேண்டும். ஏறும்போதெல்லாம் மணி கிணிங் என்று அடிக்கும். தோட்டக்காரரும் அவர் மனைவியும் மாறி மாறி ஏறினார்கள். பின்னால் குத்தின இடமெல்லாம் விரல் விரலாக மண் துண்டுகள் கிடந்தன.

"யாரோ காராச்சேவு பிழிஞ்சு காயப்போட்ட மாதிரி இருக்கு" என்றார் தோட்டக்காரர் மனைவி.

என் மகளும் அப்படித்தான் நினைத்தாள் போலிருக்கிறது. வேப்பமரத்து நிழலில் விட்டிருந்தவள் தவழ்ந்து வந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் கத்திய கத்தலில் காகம் எல்லாம் பறந்தது. விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். விளக்கெண்ணெய் கொடுக்கலாமா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாமா என்று நான் துடித்துக்கொண்டிருக்க, அவள் அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினாள்.

"விடுங்க டீச்சரம்மா. விளாங்குடி வண்டலு, நல்லா வளருவா" என்றார் தோட்டக்காரர்.

மண் துண்டுகளைக் கூட்டி அள்ளிய பிறகு வைகை மணலைக் கொண்டுவந்து தூவி, தென்னந்துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளினோம். மணல் நிறைந்த துளை மூடாது. அள்ளிய மண்ணைச் சாக்கில் கட்டி விளாங்குடிக்கு அனுப்பினேன். மாமா வாங்கிக்கொண்டு, "குடுத்த மண்ணத் திருப்பி அனுப்புற பொம்பளைய இப்பத்தேன் பாக்குறேன்" என்றாராம். ஆனால் வயலில் போட்டுக்கொண்டார்.

என் கணவர் திருநெல்வேலியிலிருந்து வந்த அன்று நான்தான் பலகையின் மேல் நின்றேன். தோட்டக்காரர் மனைவிக்கு இடுப்பு வலி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையே என்று நாலு பக்கமும் பார்த்துப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு அப்படியே நின்றார்.

"என் சைக்கிள் மணிச் சத்தம் மாதிரி கேக்குதே?"

"உங்க சைக்கிள்தாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் பலகையைச் சுற்றி வந்து பார்த்தார். ஹேண்டில்பாரைத் தொட்டுப் பார்த்தார். "ரெண்டு வருஷமா நின்ன எடத்துலயே நின்னுச்சு. இப்பவாவது நகருதே" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு அவரே ஏறினார். எடை அதிகம் என்பதால் அவருக்கு இன்னும் நன்றாக இறங்கியது. அன்று சாயங்காலத்துக்குள் ஏழு வரிசை முடித்தோம். அவருக்கு மனசுக்குள் வருத்தம் இருந்ததோ என்று நான் இன்னும் கேட்கவில்லை.

பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. புல்தரையில் சரிபாதி முடிந்திருந்தது. அன்று மதியம் நல்ல கோடை மழை பெய்தது. மழை விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். குத்தாத பாதி குளமாக நின்றது. குத்திய பாதியில் தண்ணீர் உள்ளே போகிற சின்னச் சின்னக் குமிழிகள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் தண்ணீரே இல்லை. குத்தூசித் துளைகளைச் சுற்றி ஏற்கனவே பச்சையாக முளை விட்டிருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். நான் அங்கேயே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டக்காரர் வந்து, "டீச்சரம்மா, புல்லு வளர்றதை உக்காந்து பாத்தா வளராது" என்றார்.

மறுநாள் காலையில், இரண்டு பாதிக்கும் நடுவே தண்ணீர் வடிந்திருந்த ஓரத்தில் நான் பலகையின் மேல் நிற்கும்போது, வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. மிஸ்ஸியம்மா இறங்கினார். அவர் வர இன்னும் நாலு நாள் இருந்தது. நான் சேலையை இழுத்துவிடுவதா, பலகையிலிருந்து இறங்குவதா, வணக்கம் சொல்வதா என்று தெரியாமல் மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யப்போய் மணியை அடித்துவிட்டேன்.

"நீர் எழுதிய கடிதத்தில் வேப்ப மரத்தைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் எழுதியிருந்தீர். புல்தரையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஆகையால் முன்னதாகவே வந்தேன்" என்றார் மிஸ்ஸியம்மா.

எனக்கு முன்னால் ஒரு பாதி மஞ்சளாக, இன்னும் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது; அதில் இரண்டு காகங்கள் குளித்துக்கொண்டிருந்தன. மறுபாதி மணலும் மண்துண்டுமாக, அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருந்தது. எந்தப் பாதியை முதலில் பார்த்தாலும் என் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"இவ்வண்டல் எங்கிருந்து வந்தது?"

கணவரின் அண்ணன் கொண்டுவந்தார் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. தோட்டக்காரர் எனக்காகவே, "அது வந்துங்கம்மா, ஊருல..." என்று ஆரம்பித்தார். நான் குறுக்கிட்டு, "நான்தான் போடச் சொன்னேன். ஈரத்தோட உருளை ஓட்டச் சொன்னதும் நான்தான். அதுல தரை இறுகிப்போச்சு. உங்களுக்கு எழுதப் பயமா இருந்துச்சு" என்றேன். வகுப்பு போயிற்று, இனி அதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மிஸ்ஸியம்மா கையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு தேங்கிய பாதிக்குப் போனார். குடை முனையைத் தரையில் ஊன்றினார். வழுக்கிக்கொண்டு போயிற்று. அங்கிருந்து குத்திய பாதிக்கு நடந்துவந்து ஊன்றினார். உள்ளே இறங்கியது. இன்னும் நாலைந்து இடத்தில் ஊன்றிப் பார்த்தார். குனிந்து ஒரு மண் துண்டை எடுத்து விரலால் நசுக்கினார். பிறகு பலகையைச் சுற்றி வந்தார்.

"இக்கருவியை யார் செய்தது?"

"ஆசாரிதாங்க. அரிசி பாக்குற குத்தூசியப் பாத்து யோசனை வந்துச்சு. குழாய் எங்க வீட்டு சைக்கிள்."

"உம் கணவர் அறிவாரா?"

"இப்ப அறிவாருங்க" என்றார் தோட்டக்காரர்.

மிஸ்ஸியம்மா சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குடையைத் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு, கவுனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகையின் மேல் ஏறினார். மணி அடித்தது. எட்டுக் குழாய்களும் இறங்கின. அவரே தூக்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன். எட்டு மண் துண்டுகளும் மேலே எட்டிப் பார்த்தன.

"பள்ளி திங்கட்கிழமை திறக்கிறது. அதற்குள் இது முடியாது" என்றார்.

"முடியாதுங்கம்மா."

"முதல் வாரம் நானே வகுப்பைப் பார்த்துக்கொள்கிறேன். நீர் இதை முடித்துவிட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை வாரும். குழந்தையை யாரிடம் விடுவது என்பதையும் அதற்குள் முடிவு செய்யும்."

அவர் பங்களாப் படி ஏறுகிறவரை நான் அங்கேயே நின்றேன். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. பின்னாலேயே ஓடி, "எந்த வகுப்புங்கம்மா?" என்று கேட்டேன்.

"உம்மிடம் வேறு எதையும் ஒப்படைக்க எனக்குத் தைரியம் இல்லை. சின்னக் குழந்தைகள் வகுப்புதான்" என்றார்.

திரும்பி வந்தபோது தோட்டக்காரர் மனைவி என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "நான் வச்சுக்கிறேன் போங்க. மண்ணு திங்காமப் பாத்துக்கிறதுதானே?" என்றாள். சரி என்று சொல்வதற்கு முன்னால் எனக்கு ஏழெட்டுக் கேள்வி இருந்தது. எத்தனை மணிக்குக் கஞ்சி, எந்தப் பக்கம் வைத்துத் தூங்கவைப்பது, இருமினால் என்ன செய்வது. ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். எட்டாவது கேள்விக்கு, "டீச்சரம்மா, எனக்கும் அஞ்சு பிள்ளைங்க இருக்கு" என்றாள்.

"இந்தப் பதம் இன்னும் ஒரு மணி நேரந்தேன் நிக்கும்" என்று தோட்டக்காரர் சத்தம் போட்டார். நான் பலகையின் மேல் ஏறினேன்.